நாலு நாள் இருமல்

ஏப்ரல் 3, வியாழன்

அப்பா ஆஸ்திரேலியா போகிறார். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இதுவரை அவர் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. அதுவும் சாமி கும்பிட அல்ல, ஒரு ஓட்டலின் உள்கூரைக்குப் பட்டி மாவு பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க.

பெயின்ட் டப்பா மூடிக்கு அடியில் ஒரு குறியீடு இருக்கும். போனில் ஸ்கேன் செய்தால் பாயின்ட் ஏறும். தணிகாசலம், பெயின்டிங் கான்ட்ராக்ட், ஆறு ஆட்கள், அயனாவரம். அப்படித்தான் அவர் விசிட்டிங் கார்டில் இருக்கும். இரண்டு வருஷமாக மூடி மூடியாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். இன்று ஹார்டுவேர் கடை பாலையா அண்ணாச்சி போன் செய்து, "தணிகா, ஒமக்கும் வீட்டம்மாவுக்கும் சிட்னி அடிச்சிருக்குவே" என்றாராம். அப்பா ஏணியிலிருந்து இறங்காமலே "எந்த ஏரியாண்ணே?" என்று கேட்டிருக்கிறார்.

மே 20 கிளம்பி ஆறு நாள். விசா, விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனி. பயண இன்ஷூரன்ஸ் மட்டும் நாமே எடுத்து, மே 14-க்குள் நகல் கொடுக்க வேண்டும்.

கம்பெனியின் பரிசுப் பட்டியலைப் பார்த்தேன். இத்தனை பாயின்ட்டுக்கு மிக்ஸி, இத்தனைக்கு டிவி, இத்தனைக்கு ஆஸ்திரேலியா. எத்தனை பாயின்ட்டுக்கு ஒரு நல்ல மாஸ்க் என்று எங்கேயும் இல்லை. அப்பா இன்னும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பட்டி தேய்க்கிறார்.

ஏப்ரல் 5

இன்ஷூரன்ஸ் என் பொறுப்பு. நான் வேலை பார்ப்பது மருத்துவ கிளைம் பிரிவில் என்பதால் வீட்டில் நான்தான் நிபுணர்.

நான்கு கம்பெனிகளின் பாலிசியை நோட்டில் கட்டம் போட்டு எழுதி இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"பெட்டி தொலஞ்சா காசு தருவாங்களா?" அப்பா.

"தருவாங்க."

"அப்போ பழைய பெட்டியே எடுத்துனு போலாம்."

"ஏண்டி, அங்க போயி ஏதாச்சும் ஆயிட்டா ஒடம்ப கொண்டாந்து குடுப்பானா?" அம்மா.

"அதுவும் இருக்கும்மா."

"அப்பிடின்னா அத எடு," என்றார் அப்பா. "கம்பெனி கூட்டினு போவுது, இவன் கூட்டினு வர்றான். நமக்குச் செலவே இல்ல."

அம்மா கரண்டியால் அவர் முழங்கையில் ஒன்று வைத்தாள். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எல்லா விண்ணப்பத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது. எண்தான் மாறுகிறது, ஒன்றில் நாலாவது, ஒன்றில் ஏழாவது. "கடந்த நான்கு ஆண்டுகளில் உங்களுக்கு ஏதேனும் நோய் கண்டறியப்பட்டதா, சிகிச்சை பெற்றீர்களா?"

அப்பா எந்த டாக்டரிடமும் போனதில்லை. ஆகவே எந்த நோயும் கண்டறியப்படவில்லை. ஆகவே "இல்லை". இது பொய் அல்ல. எங்கள் துறையில் இதற்கு ஒரு எழுதாத விதி உண்டு: டாக்டர் சொல்லும்வரை நோய் கிடையாது. பாலிசிக்கு முன்னால் டாக்டரைப் பார்த்தால் "முன்பே இருந்த நோய்", கிளைம் கிடையாது. பாலிசிக்குப் பின்னால் பார்த்தால் "எதிர்பாராத நோய்", கிளைம் உண்டு. ஒரே நெஞ்சு, ஒரே சளி. தேதிதான் வேறு.

அதனால் அப்பாவின் இருமலை ஆஸ்திரேலியா போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஜூன் 2-க்கு நெஞ்சு மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. அது தூசி இருமல்தான். பட்டி தேய்க்கிற எல்லாருக்கும் இருக்கிறது.

ஏப்ரல் 8

ஆபீசில் சேலத்து டைல்ஸ் தொழிலாளி ஒருவரின் கிளைமை நிராகரித்தேன். மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அட்மிஷன் நேரத்தில் டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்க, கூட இருந்த மனைவி "ரெண்டு வருஷமாவே இப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அப்படியே எழுதிவிட்டார். பாலிசி எடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கணக்கு எளிது. எனக்கு நான்கு நிமிஷம் ஆனது.

சாப்பாட்டு நேரத்தில் கத்தரிக்காய் கசந்தது.

ஏப்ரல் 12, சனி

அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று இன்று வகுப்பு எடுத்தேன். அப்பாவையும் அம்மாவையும் கட்டிலில் உட்காரவைத்து, நான் நாற்காலியில் ஆஸ்திரேலிய டாக்டராக உட்கார்ந்தேன்.

"இவருக்கு என்ன பிரச்சனை?"

"டாக்டர், இவரு கல்யாணமான புதுசுலயே..." அம்மா ஆரம்பித்தாள்.

"ஸ்டாப். கல்யாணம் எதுக்கும்மா வருது?"

"அப்பலேந்துதானடி பீடி புடிச்சாரு. அப்புறம் நீ பொறந்ததும் வுட்டாரு. அதச் சொல்ல வாணாமா?"

"வேணாம். எத்தனை நாளா இருமல்?"

"மூணு வருஷமா..."

"அம்மா! அந்த ஒரு வார்த்தை போதும். பத்து பைசா தரமாட்டான். நாலு நாளா. சொல்லு."

"நாலு நாளா."

"சளி வருதா?"

"காத்தால வருது டாக்டர், முந்தியெல்லாம் வெள்ளையா வந்துச்சு, பொங்கலுக்கு அப்புறம் ஒரு மாதிரி பழுப்பா..."

நான் தலையில் கை வைத்தேன். பழுப்பு என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கேளு. எந்த டாக்டர் கேட்டாலும் நாலு நாள். அதுக்கு முன்னாடி எதுவுமே இல்ல. இது மட்டும் மனசுல வெச்சுக்கோ."

"எந்த டாக்டர் கேட்டாலும் நாலு நாள்," என்றாள் அம்மா. பால்காரரிடம் அரை லிட்டர் சொல்கிற மாதிரி மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அப்பா கேட்டார்: "கண்ணு, நாலு நாளுக்கு முன்னாடி நான் இன்னா பண்ணினு இருந்தேன்?"

"நல்லா இருந்தீங்க."

"சரி," என்றார்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வடை. அப்பா புதுச் சட்டையில் அண்ணாச்சி கடைக்குப் போய் ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். அண்ணாச்சி கடை நடந்தால் ஐந்து நிமிஷம். வழியில் இரண்டு இடத்தில் நின்றாராம். தெரிந்தவர்கள் விசாரித்தார்கள் என்றார்.

ஏப்ரல் 16

இன்னும் பாலிசி எடுக்கவில்லை. இருவர் பெயர், பாஸ்போர்ட் எண், எல்லாம் நிரப்பிவிட்டேன். கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இன்னொரு கம்பெனியையும் பார்த்துவிடலாம் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். நாள் இருக்கிறதே.

ஏப்ரல் 17

இன்னொரு கம்பெனியும் பார்த்தாயிற்று. நாளைக்கு எடுத்துவிடலாம்.

ஏப்ரல் 19, சனி

டிவி மேல் ஒரு சீட்டு இருந்தது. தெருமுனை டாக்டர் ஜெபசிங்கின் சீட்டு. தேதி நேற்று. அப்பா பெயர், வயது 57. அதற்குக் கீழே டாக்டர் கையெழுத்தில்: இருமல், 4 நாட்கள். ஒரு சிரப். ஒரு சளி மாத்திரை.

"இது என்னம்மா?"

"நேத்து காத்தால வேலைக்குக் கெளம்பச்சொல்ல மூச்சு வாங்கிச்சு அவருக்கு. படியில உக்காந்துட்டாரு. நீ ஆபீஸ் போய்ட்ட. நான்தான் கூட்டினு போனேன்."

"என்ன சொன்ன?"

"நீ சொன்னதத்தான். எத்தினி நாளான்னு கேட்டாரு. நாலு நாள்னேன். சளி இருக்கான்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி எதுவுமே இல்லன்னேன்." அம்மா முகத்தில் பெருமை. "கரெக்டா சொன்னனா?"

கரெக்டாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நாலு நாள் இருமலுக்கு எந்த டாக்டரும் சிரப்தான் கொடுப்பார்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கிளைம் அதிகாரியாகப் பார்த்தால் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஏப்ரல் 18-ஆம் தேதிவரை, நாலு நாள் இருமலைத் தவிர, இந்த மனிதருக்கு எந்த நோயும் இல்லை என்று ஒரு டாக்டரே எழுதித் தந்திருக்கிறார். இன்றைக்கே பாலிசி எடுத்து, இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்தால் போதும்.

அப்பா சிரப்பை மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு கண்ணு, இனிப்பா" என்றார்.

ஏப்ரல் 20

பெரம்பூர் வரை சும்மா நடந்துவிட்டு வந்தேன். பாலிசி எடுக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஆபீசுக்கு லீவு சொன்னேன். இருவரையும் கூட்டிக்கொண்டு டாக்டர் ஜெபசிங்கிடம் போனேன். எங்கே போகிறோம் என்று அப்பா கேட்கவில்லை. சட்டை மட்டும் மாற்றிக்கொண்டார்.

"சிரப் கேட்டுச்சா?" என்றார் டாக்டர்.

"டாக்டர், இவருக்கு இருமல் நாலு நாளா இல்ல. மூணு வருஷமா," என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, அன்னைக்கு நாலு நாள்னு சொன்னீங்களே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இவதான் டாக்டர் சொல்லச் சொன்னா."

"எதுக்கு?"

"ஆஸ்திரேலியா போறதுக்கு."

கம்பவுண்டர் அக்கா திரும்பிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்ப ஆஸ்திரேலியா போகலைன்னு வெச்சுக்குங்க. சொல்லுங்க," என்றார்.

அம்மா சொன்னாள். பீடியிலிருந்து தொடங்கினாள். நான் பிறந்தது, பீடியை விட்டது, மழைக்கால இருமல், பிறகு எல்லாக் கால இருமல், காலைச் சளி, பொங்கலுக்குப் பின் பழுப்பு, இரண்டு தலையணை போதாமல் மூன்றாவது, சட்டை காலர் இரண்டு அங்குலம் தொளதொளத்தது, ஏணியில் நடுப்படியில் நிற்பதை அவருடைய ஆள் வந்து சொன்னது. எனக்குத் தெரியாதது பாதிக்கு மேல். நான் ஒரே வீட்டில்தான் இருக்கிறேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினார். "இந்தம்மா மாதிரி விவரம் சொல்ற ஆளு வேணும்மா எனக்கு," என்றார். "இவங்க வாயைப் போய் அடைச்சியே."

எக்ஸ்ரேவுக்கும் நெஞ்சு மருத்துவருக்கும் எழுதிக் கொடுத்தார். சீட்டின் முதல் வரி: இருமல், மூன்று ஆண்டுகள். இதோடு அந்தப் பழைய சீட்டுக்கு மதிப்பில்லை.

ஏப்ரல் 23

எக்ஸ்ரே, ரத்தம், சளி, குழாயில் ஊதுகிற பரிசோதனை எல்லாம் முடிந்தது. ஜூன் 2-க்கு நான் நேரம் வாங்கியிருந்த அதே நெஞ்சு மருத்துவர், ஒரு பெண். பெயர் மெஹரூன். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். காசம் இல்லை. புற்று இல்லை. நுரையீரல் முழுக்கத் தூசித் தழும்பு. அது போகாது. அதற்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளலாம். பட்டி தேய்ப்பது இனிக் கூடவே கூடாது. இதெல்லாம் பழைய கதை. புதுக் கதை கீழே, வலது பக்கம்: நிமோனியா தொடங்கியிருக்கிறது.

"சிரப்பைக் குடிச்சிட்டு இப்படியே விட்டிருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஃப்ளைட்ல பதினஞ்சு மணி நேரம் இவரு இப்படியே உக்காந்திருப்பாருன்னு நெனைக்காதீங்க," என்றார்.

அப்பாவின் கேள்வி ஒன்றே ஒன்று: "டாக்டர், போலாமா?"

"மருந்தை ஒழுங்கா எடுங்க. மே 12 வாங்க. ஊதிக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

ஏப்ரல் 26

அப்பா வீட்டில் இருக்கிறார். அவருக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. அடுப்பங்கரைச் சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு "எந்த மடையன் அடிச்சான் இத?" என்றார்.

"நீதான்யா அடிச்ச," என்றாள் அம்மா.

ஏப்ரல் 30

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். "நான் பாலிசியப் பாத்தேன், உங்களைப் பாக்கலப்பா" என்று சினிமா வசனம் மாதிரி ஏதோ சொன்னேன்.

"ச்சீ, எழுந்து போ. இன்ஹேலர எப்படி அமுக்கணும்னு சொல்லிக் குடு. பாதி வெளியவே போவுது," என்றார்.

மே 7

ஆபீசில் அந்தச் சேலத்து ஃபைலை மறுபடி திறந்தேன். "தொழில் காரணமான தூசி பாதிப்பு. நோய் என்று எந்த மருத்துவரும் முன்பு சொல்லவில்லை. நோயாளிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மறுபரிசீலிக்கவும்" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மேனேஜர் கோவர்தன் கூப்பிட்டார்.

"எழில், முடிஞ்ச ஃபைலை எதுக்குத் தோண்டுற? என்ன ஆச்சு உனக்கு?"

"நாலு நாளா இப்படித்தான் சார் இருக்கு," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஃபைல் இன்னும் அவர் மேசையில் இருக்கிறது. தினமும் கேட்கப்போகிறேன்.

மே 12

அப்பா ஊதினார். முள் ஏறியது. டாக்டர் மெஹரூன், "இன்னொரு தடவை, ஆஸ்திரேலியா வரைக்கும் கேக்கணும்," என்றார். அப்பா கண் பிதுங்க ஊதினார். பறக்கலாம் என்று எழுதித் தந்தார். இன்ஹேலர் கைப்பையில் இருக்க வேண்டும், மலை ஏறக்கூடாது, ஜூன் 2 கட்டாயம் வர வேண்டும்.

மே 13

நாளை கடைசி நாள். உண்மையை எழுதி விண்ணப்பம் போட்டேன். முதல் கம்பெனி வேண்டாம் என்றது. இரண்டாவது கம்பெனி நுரையீரலைத் தவிர்த்து மற்ற உறுப்புகளுக்குத் தருகிறோம் என்றது. பல்லுக்கும் பெட்டிக்கும் காப்பீடு, மூச்சுக்கு இல்லை. மூன்றாவது கம்பெனி டாக்டர் சான்றிதழ் கேட்டது. கட்டணம் கூடத்தான். ஆனால் சொல்லிவிட்ட நோய் திடீரென்று முற்றினாலும் அவசர சிகிச்சைக்குத் தருகிறது. அந்த வரியை ஏழு முறை படித்தேன். கம்பெனிக்கு இரண்டு முறை போன் செய்து கேட்டேன். தருகிறார்கள்.

அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்பினேன். "நோயின் அறிகுறி எத்தனை ஆண்டுகளாக?" மூன்று என்று அடித்தேன்.

"பதினொண்ணு போடு," என்றார் அப்பா.

"என்னது?"

"நீ பத்தாவது பரீட்ச எழுதினல்ல, அந்த வருசம். வடபழனில ஒரு மால்ல சீலிங் தேச்சோம், உள்ளாற காத்தே இல்ல. அப்பதான் ஆரம்பிச்சுது. ஒரு தபா சளில லேசா ரத்தம் வந்துச்சு. உனுக்குப் பரீட்சயாச்சேன்னு சொல்லல."

அடுப்பங்கரையிலிருந்து வந்த பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவுக்கும் இது புதுசு.

"அப்புறம் ஏன் சொல்லல?" அம்மாதான் கேட்டாள்.

"அப்புறம் காலேஜி. அப்புறம் இவளுக்கு வேலை கெடைக்கட்டும்னு. அப்புறம் மறந்துட்டேன் ரஞ்சிதம்."

நாலு நாள் என்று நான் யாருக்கு வகுப்பு எடுத்தேனோ, அவர் பதினோரு வருஷமாக அதே பாடத்தைத் தனியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றை அழித்துவிட்டு பதினொன்று போட்டேன். கட்டம் அதையும் வாங்கிக்கொண்டது. கடைசிப் பொத்தானை அப்பாவையே அழுத்தச் சொன்னேன். விரல் காய்த்துப்போயிருந்ததால் போன் இரண்டு முறை ஏற்கவில்லை. மூன்றாவது முறை ஏற்றது.

அம்மா அவரோடு பேசாமல் சாப்பாடு போட்டாள். முட்டை மட்டும் இரண்டு வைத்தாள்.

மே 20

ஏர்போர்ட். நாற்பது கான்ட்ராக்டர்கள், நாற்பது மனைவிகள், எல்லாருக்கும் கம்பெனி பெயர் போட்ட ஒரே மஞ்சள் தொப்பி. அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் தொப்பி. எக்ஸ்ரே கவரை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் வை என்றால், "பெட்டி தொலஞ்சா?" என்கிறாள்.

உள்ளே போகும்வரை அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மே 21

சேர்ந்துவிட்டார்கள். அம்மாவின் குரல் பதிவு, ஆறு நிமிஷம். விமானப் பணிப்பெண்ணிடம் எக்ஸ்ரேயைக் காட்டியிருக்கிறாள். பக்கத்து இருக்கைத் திருச்சிக்காரம்மாவிடம் பீடியிலிருந்து எல்லாம் சொல்லியிருக்கிறாள். "நீதானடி மறைக்கக் கூடாதுன்னு சொன்ன!" அந்த அம்மா வழி முழுக்க அப்பாவுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக் கொடுத்தாராம்.

மே 23

அப்பா ஒரே ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். கடல் இல்லை, கங்காரு இல்லை. அங்கே ஒரு பெரிய இரும்புப் பாலம் இருக்கிறது. அதில் பெயின்ட் சுரண்டுகிற ஒரு ஆள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, முகம் முழுக்க மூடிய மாஸ்க், அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய்.

உடனே கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தாள். "எல்லாரும் போட்டுல ஏறிச் சுத்திப் பாக்கப் போய்ட்டாங்கடி. இந்த மனுசன் அவனயே பாத்துனு அர மணி நேரமா நிக்கிறாரு."

அப்பா போனை வாங்கினார்.

"கண்ணு, அவன் சாப்பாட்டு டைம்ல மாஸ்க்க கழட்டினான். நம்ம கைடு யாழ்ப்பாணத்துக்காரரு, அவர வுட்டுப் பேசச் சொன்னேன். முப்பது வருசமா இந்த வேலதானாம். வயசு என்னுதுதான். இருமவே இல்ல."

"ம்."

"அந்த மாஸ்க்கு எவ்ளோன்னு கேட்டேன். தெரியாதாம், கம்பெனி குடுக்குதாம். எத்தினி பாயின்ட்டுக்குன்னு கேக்கச் சொன்னேன்." காற்று இரைந்தது. "கைடு ரெண்டு தபா மாத்தி மாத்திக் கேட்டாரு. அவனுக்கு நான் கேட்டதே புரியலம்மா."

பிறகு அவரே, "நம்ம ஆளுங்க ஆறு பேருக்கும் அது மாதிரி அங்க கெடைக்குமான்னு பாத்து வையி. அண்ணாச்சிகிட்ட நான் பேசிக்கிறேன், இனிமே பாயின்ட்டுக்கு மாஸ்க்கு குடுக்கட்டும், மிக்ஸிய கம்பெனிக்காரனே வெச்சிக்கட்டும்," என்றார். ஒருமுறை இருமினார். மறைக்கவில்லை.

மே 24

ஆறு பேருக்கான மாஸ்க் விவரங்களை நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். பாலிசி ஒப்பிட்ட அதே பக்கத்தின் பின்புறம்.

ஜூன் 2 டாக்டர் மெஹரூன், காலை பத்தரை. மூன்று பேரும் போகிறோம். கேட்கிற கேள்விக்கெல்லாம் அம்மா பதில் சொல்வாள். நான் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.